பையில் துப்பாக்கி மட்டும் இருக்காது

கைத்துப்பாக்கி சுடும் பயிற்சிக்காக ஒரு நாள் முழுக்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களின் கண் முதலில் என் பையின் மேல்தான் போகும். உள்ளே ஏதோ பளபளவென்று இருப்பதாக ஒரு கற்பனை. திறந்து காட்டினால் ஏமாற்றம்தான். சோப்பு, துண்டு, பழைய சட்டை, காதில் அடைக்கும் நுரைத் துண்டுகள், வாழைப்பழம், மார்க்கர் பேனா, பெரிய ஸிப் பைகள். பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் அம்மாவின் பை மாதிரி இருக்கும்.

துப்பாக்கி அதில் இருக்காது. இருக்கவும் கூடாது. சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியும் இங்கே விளையாட்டுச் சாமான் அல்ல, அதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே நாங்கள் போகும் சுடுதளத்தில் துப்பாக்கி, ஈயக் குண்டு, தோட்டா எல்லாம் அவர்களுடைய ஆயுத அறையிலேயே இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், எண்ணித் திரும்ப வாங்குவார்கள். நாம் கொண்டுபோக வேண்டியது மீதி எல்லாவற்றையும்.

அந்த ‘மீதி’தான் இந்த வாரம்.

நான்கு ஆண்டுகளாக 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி சுட்டு வருகிறேன். பெரிய வீராங்கனை எல்லாம் இல்லை, ஆனால் வானொலி நிலையத்தில் இது தெரிந்த பிறகு ஆள் ஆளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போன மாதம் சக ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினர் என்று 12 பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் பதிவு செய்தோம். காலையில் எல்லாருக்கும் காற்றுக் கைத்துப்பாக்கி. மதியம், ஏற்கெனவே பயிற்சி பெற்ற நாலைந்து பேருக்கு மட்டும் 25 மீட்டரில் பாயின்ட் 22 கைத்துப்பாக்கி. வாட்ஸ்அப் குழு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் முதல் கேள்வி வந்தது: “என்னென்ன கொண்டு வரணும்?” பிறகு சாப்பாட்டைப் பற்றி 40 செய்திகள். தமிழர் குழு அல்லவா?

முதலில் பை. இதற்கென்று தனியாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் 15 வெள்ளிக்கு வாங்கியது போதும். ஊருக்குப் போக வைத்திருக்கும் பயணப் பையை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். சுடுதளத்தில் ஓர் ஈயக் குண்டோ வெற்றுத் தோட்டா உறையோ பையின் மடிப்பில் விழுந்து கிடந்தால் உங்களுக்குத் தெரியாது. சாங்கியில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குத் தெரியும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிப்போய், பயணப் பெட்டியில் ஒரு தோட்டா உறைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். வெடிமருந்துத் துப்பாக்கி சுட்ட கையோடு அந்தப் பையைத் தொட்டிருந்தால், வெடிபொருள் தடயத்தைத் தேடும் சோதனையிலும் மணி அடிக்கலாம். 15 வெள்ளி அதைவிட மலிவு.

அடுத்தது காது. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போடுவது வாய் என்று நினைக்கிறீர்கள். காதுதான். எதிரில் இருப்பவர் மூச்சை இழுக்கும் சத்தத்தை வைத்துத்தான் அவர் பேசி முடித்தாரா, இன்னும் பேசப் போகிறாரா என்று ஒலிபரப்பில் முடிவு செய்கிறேன்.

காற்றுக் கைத்துப்பாக்கி அவ்வளவாகச் சத்தம் போடாது. தட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் மூடிய அறையில் பத்து பேர் வரிசையாக நின்று மணிக்கணக்கில் சுடும்போது அதற்கும் காதை மூடிக்கொள்வதுதான் நல்லது. பாயின்ட் 22 அப்படியில்லை. பார்ப்பதற்குச் சின்னத் தோட்டா. ஆனால் கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலிலிருந்து வெடிக்கும்போது உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டிவிடும். வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல் என்பதே எச்சரிக்கைக் கோடு. 140க்கு மேல் போனால் மணிக்கணக்கு எல்லாம் கிடையாது, ஒரே வெடி போதும். காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர் அணுக்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

“என்கிட்ட நல்ல ஹெட்ஃபோன் இருக்கு, வெளிச் சத்தத்தையே கேட்க விடாது. அது போதுமா?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். போதாது. அந்த வகை ஹெட்ஃபோன் விமான இரைச்சல் போலத் தொடர்ந்து வரும் சத்தத்தைக் குறைப்பதற்காகச் செய்தது. திடீரென்று வெடிக்கும் சத்தத்துக்கு அதை யாரும் சோதித்துத் தருவதில்லை. வேண்டியது காது முழுவதையும் மூடும் கவசம். இல்லையென்றால் நுரை அடைப்பான். பாயின்ட் 22க்கு இரண்டுமே. ஒரு விஷயம், இரண்டையும் போட்டால் பாதுகாப்பு இரண்டு மடங்கு ஆகிவிடாது. இரண்டில் வலுவானது தரும் பாதுகாப்போடு சுமார் 5 டெசிபல் கூடும், அவ்வளவே. அந்த 5 எனக்கு வேண்டும்.

நுரை அடைப்பானைப் பாதிப் பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள். சும்மா விரலால் அழுத்தி நுழைத்தால் அது காது வாசலில் குந்திக்கொண்டிருக்கும். முதலில் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி மெல்லிய திரியாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து, மேலும் பின்னும் இழுக்க வேண்டும். அப்போதுதான் காதுக் குழாய் நேராகும். உள்ளே விட்டதும் கையை எடுக்காமல், நுரை விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டீர்களா என்று பார்க்கச் சத்தமாக ஒரு பாட்டுப் பாடுங்கள். உங்கள் குரல் உங்கள் தலைக்குள்ளிருந்தே வருவதுபோல் மந்தமாகக் கேட்டால் சரி. கார்ப்பேட்டையில் 12 பேரையும் நிற்க வைத்துப் பாட வைத்தேன். பக்கத்தில் கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

40 சோடி நுரை அடைப்பான் கொண்டுபோனேன். ஆளுக்கு இரண்டு சோடி, கீழே விழுவதற்கு மிச்சம். விழுந்ததை எடுத்து ஊதிவிட்டுத் திரும்பக் காதில் வைப்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

கண்ணாடி பற்றிய பேச்சு வந்தாலே அந்தத் துருக்கிக்காரர் படம் வந்துவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெள்ளி வென்ற யூசுஃப் டிகேச். 51 வயது, டி-சட்டை, ஒரு கை கால்சட்டைப் பையில், எந்த விசேஷக் கருவியும் இல்லாமல் வந்து சுட்டுவிட்டுப் போனார் என்று உலகமே கொண்டாடியது. எங்கள் குழுவிலும் ஒருவர் படத்தைப் போட்டு, “பாருங்க, ஒண்ணுமே இல்லாம சுடுறாரு. நமக்கு எதுக்கு இத்தனை சாமான்?” என்றார். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். காதில் மஞ்சள் அடைப்பான் இருக்கிறது. கண்ணில் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. கை பையில் இருப்பதும் ஸ்டைலுக்காக அல்ல. ஒரு கையால் சுடும் விளையாட்டில் மறு கை ஆடினால் உடம்பே ஆடும் என்பதால் எல்லாருமே அதை எங்காவது கட்டிப்போடுவார்கள். அவர் விட்டுவிட்டது ஒரு கண்ணை மறைக்கும் தகடு, தனி லென்ஸ் போன்றவற்றைத்தான். அவை புள்ளி கூட்டுவதற்கு. காதும் கண்ணும் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு.

கண்ணாடி பாலிகார்பனேட்டில் இருக்க வேண்டும், பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் மேலேயே மாட்டும் வகை கிடைக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் ஆலோசனை. கைத்துப்பாக்கியில் பார்வை நிலைக்க வேண்டியது இலக்கின் மேல் அல்ல, கை நீளத் தூரத்தில் இருக்கும் முன்குறியின் மேல். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். பல தூரத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடி போட்டவர்கள் அந்த முன்குறியைத் தேடித் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்களோடு வந்த மாமா ஒருவர், கணினிக்கென்று செய்து மேசையில் போட்டு வைத்திருந்த பழைய கண்ணாடியைக் கொண்டுவந்தார். அன்று அவர்தான் அதிகப் புள்ளி. தேசிய சேவையில் குறிசுடுபவர் பட்டை வாங்கிய மூன்று இளைஞர்கள் அவருக்குப் பின்னால். ராணுவத்தில் இரண்டு கையாலும் தோளாலும் தாங்கிச் சுட்ட உடம்பு, ஒரு கையை நீட்டியதும் திகைத்துப் போகிறது.

உடை விஷயத்தில் ஒரே விதிதான். மேலே கழுத்து மூடியிருக்க வேண்டும், கீழே கால் மூடியிருக்க வேண்டும். பாயின்ட் 22 சுடும்போது சூடான வெற்று உறை பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். அகலக் கழுத்துச் சட்டைக்குள் அது விழுந்தால், துப்பாக்கி கையில் இருப்பதையே மறந்து குதிப்பார்கள். ஆபத்து அந்தக் குதிப்பில்தான். துப்பட்டா, தொங்கும் தோடு, கையை மறைக்கும் வளையல் வேண்டாம். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு மேல் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ஓட்டக் காலணியைவிடப் பள்ளிப் பிள்ளைகள் போடும் தட்டையான வெள்ளைக் கேன்வாஸ் காலணி நல்லது. அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் உடம்பு மெல்ல ஆடும்.

கைக்கு வேண்டிய தயாரிப்பை இரண்டு வாரம் முன்பே தொடங்கச் சொன்னேன். காற்றுக் கைத்துப்பாக்கி சுமார் ஒரு கிலோ எடை, விதிப்படி 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை அதை ஒரு கையில் நீட்டித் தூக்க வேண்டும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர், நம்முடைய 5 காசு நாணயத்தைவிடச் சிறியது. (இந்த விளையாட்டில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் சிங்கப்பூரின் தியோ ஷுன் சியே. நம் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.) வீட்டில் பழக ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி போதும். கையை நீட்டிப் பத்து விநாடி பிடியுங்கள், இறக்குங்கள், மறுபடி. பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பழகாதீர்கள். எதிர் புளோக்கிலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்?

இனி சோப்பு. பட்டியலில் இதைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

காற்றுக் கைத்துப்பாக்கியின் குண்டு ஈயத்தால் ஆனது. 4.5 மில்லிமீட்டர், அரை கிராம்கூட வராது. ஒவ்வொன்றையும் விரலால் எடுத்துத்தான் நுழைக்க வேண்டும். காலையில் 60 குண்டு சுட்டால் 60 முறை ஈயத்தைத் தொடுகிறீர்கள். பாயின்ட் 22இல் அதற்கும் மேல். தோட்டாவின் அடியில் தீப்பொறி உண்டாக்கும் கலவையிலேயே ஈயம் உண்டு என்பதால், வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் புகையில் ஈயம் கலந்து வரும். அது கை, மூக்கு, தலைமுடி, சட்டை என்று உட்காரும். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி.

மற்றவர்களாவது கரண்டியில் சாப்பிடுவார்கள். நாம் விரலால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போகும் குழுவுக்குச் சோப்பு, காதுக் கவசத்துக்குச் சமமான பாதுகாப்புக் கருவி. சுடும் அறைக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்ப் புட்டியைக்கூடத் திறந்து வைக்கக்கூடாது. வெளியே வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும், முகத்தையும்தான். கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினி கிருமியைக் கொல்லும், ஈயத்தை அப்படியே விட்டுவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சாப்பாட்டு மேசையை வேறு இடத்துக்கு மாற்றினோம். கழுவும் தொட்டியைத் தாண்டாமல் யாரும் சாதத்தை நெருங்க முடியாதபடி.

பட்டியலில் நான் எழுத முடியாமல் தவித்த ஒரு வரியும் இதில்தான் இருந்தது. செய்திப் பிரிவில் இருக்கும் தோழி ஒருத்தி, ஐந்து மாதக் கர்ப்பிணி, முதலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தி. கணவரையும் சேர்த்துப் பதிந்திருந்தாள். என்னைவிட இளையவள்.

“காத்துத் துப்பாக்கிதானேக்கா. சத்தமே இல்லையே.”

“சத்தம் மட்டும் இல்லைம்மா. ஈயம்.”

“2012 லண்டன் ஒலிம்பிக்ல மலேசியாவோட நூர் சூர்யானி எட்டு மாச வயித்தோட சுட்டாங்களே! நீங்கதானே நிகழ்ச்சியில சொன்னீங்க?”

சொன்னேன்தான். நூர் சூர்யானி தைபி 10 மீட்டர் காற்று ரைஃபிளில் பங்கேற்றதும் உண்மை, எட்டு மாதம் என்பதும் உண்மை. ஆனால் அவர் பல ஆண்டு பயிற்சி உள்ள தேசிய வீராங்கனை, காத்திருந்தது வாழ்நாளில் ஒரு முறை வரும் ஒலிம்பிக், அவருக்குப் பின்னால் ஓர் அணியே இருந்தது. எங்களுடையது ஒரு சனிக்கிழமை உல்லாசம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், கர்ப்பிணியைப் பார்த்து “நீ வராதே” என்று சொல்வதும் எனக்குப் பிடிக்காத வேலை. அதைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே தெரிந்ததைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பது ஒன்று. எலும்பில் சேர்ந்து கிடக்கும் பழைய ஈயம்கூடக் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது, நான் இதற்காகப் படிக்கும்வரை எனக்கே தோன்றாதது: அம்மா காதுக் கவசம் போட்டால் அம்மாவின் காதுதான் மூடும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் காதுக்குக் கவசம் கிடையாது.

மறுநாள் அவளிடமிருந்து பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், “டாக்டர் உள்ள போக வேணாம்னுட்டாங்க. கட்டணத்தைத் திருப்பித் தருவாங்களா?” என்று மட்டும் வந்தது. கோபம்தான். அது என் மேலா, மருத்துவர் மேலா, அவளைப் பதியச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போகப்போகிற கணவர் மேலா என்று நான் கேட்கவில்லை.

கணவர் வந்தார். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அவருக்கு மட்டும் தனியாகச் சில சாமான்களை எடுத்து வைத்திருந்தேன். மாற்றுச் சட்டை, மாற்றுக் காலணி, வாய் மூடும் ஸிப் பை இரண்டு. தாய் வீட்டிலேயே இருந்தாலும் ஈயத்தூள் தகப்பனின் சட்டையில் உட்கார்ந்து கார் இருக்கைக்கும், அங்கிருந்து சோபாவுக்கும், சோபாவிலிருந்து தவழும் குழந்தையின் கைக்கும் போகும். கிளம்புவதற்கு முன்பே சட்டையை மாற்ற வேண்டும். போட்டிருந்ததைப் பையில் கட்டி, உதறாமல், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். குளித்துத் தலைக்கு ஊற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். “என்னக்கா, கொவிட் காலம் மாதிரி இருக்கே” என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

துப்பாக்கியோடு சம்பந்தப்பட்டது என்று என் பையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆரஞ்சு நிற நைலான் கயிறு, புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடுவது. குழலுக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அதை விட்டு, இரண்டு பக்கமும் வெளியே தெரியும்படி வைத்தால் உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்புக் கொடி என்று இதற்குப் பெயர். சுடுதளத்திலும் தருவார்கள், ஆனால் நான்கு துப்பாக்கியை 12 பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கும்போது அது எங்காவது உருண்டுபோகும். கூடுதலாக ஆறு துண்டு வெட்டி எடுத்துப் போனேன்.

‘நிறுத்து’ என்ற சொல்லையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். சுடுதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் கத்தலாம். பயிற்றுவிப்பாளராக இருக்க வேண்டியதில்லை, மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. கேட்ட மறு நொடி எல்லாரும் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும், குழல் இலக்குப் பக்கமே பார்த்திருக்க வேண்டும். எல்லார் காதும் அடைத்திருக்கும் என்பதால் சத்தத்தோடு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் வராது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் குரலை உயர்த்தாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறோம்.

அன்று காலை பதினோரு மணி வாக்கில் ஒருவருடைய கண்ணாடி துடைக்கும் டப்பா மேசையிலிருந்து உருண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவர் யோசிக்கவே இல்லை, அப்படியே குனிந்து எட்டிவிட்டார். பக்கத்துத் தடங்களில் இரண்டு பேர் கையை நீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தது எங்கள் பயிற்சி மாணவி, பத்தொன்பது வயது. ஸ்டூடியோவில் மைக்கைக் கொடுத்தால் தரையைப் பார்ப்பவள். கையைத் தூக்கி அவள் கத்திய கத்தலில் என் இரண்டு அடுக்குக் காப்பையும் தாண்டி அந்தச் சொல் வந்து விழுந்தது. எல்லாரும் நின்றார்கள். பயிற்றுவிப்பாளர் துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொல்லி, கொடிகளைப் போட வைத்து, டப்பாவைத் தானே போய் எடுத்து வந்தார். பிறகு அவளிடம் தலையை ஆட்டி நன்றி சொன்னார். அவள் முகம் சிவந்து, “சாரி அங்கிள், ரொம்பக் கத்திட்டேன்” என்று குனிந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பதில் சொல்லாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் ஈரத்துண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

கடைசி வேலை சட்டைப்பை சோதனை. தேசிய சேவை செய்த ஆண்களுக்கு இது மனப்பாடம். சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன் தோட்டாவோ வெற்று உறையோ என்னிடம் இல்லை என்று உரக்க அறிவித்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்கள். பாயின்ட் 22 தோட்டா ஒரு பெட்டிக்கு 50. உறைகளை எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று யாரோ எடுத்திருப்பார்களோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருபது நிமிடம் தேடினோம். மடித்துவிட்டிருந்த ஒரு கால்சட்டையின் விளிம்பு மடிப்புக்குள் கிடந்தது. போட்டிருந்தவருக்கே தெரியவில்லை. இப்போது பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கால்சட்டையை மடித்துவிட்டு வராதீர்கள்.

அன்றிரவு பத்து மணிக்குத் தோழியிடமிருந்து ஒரு படம் வந்தது. குளியலறை வாசலில் துண்டைக் கட்டிக்கொண்டு கணவர், கையில் ஸிப் பை. தலையில் இன்னும் ஷாம்பு நுரை. பின்னால் மூன்று வயதுக்காரி கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். “ரெண்டாவது தடவை குளிக்க அனுப்பியிருக்கேன்” என்று கீழே எழுதியிருந்தாள். “சட்டையைத் தனியாத்தான் துவைக்கணுமா, இல்ல போன் துணியையும் அதோட போடலாமா?” தனியாக என்றேன். துவைத்த பிறகு இயந்திரத்தை ஒரு முறை வெறுமனே ஓடவிடச் சொன்னேன்.

பையைத் திறந்து எண்ணினேன். நுரை அடைப்பான் 9 சோடி மிச்சம். ஆரஞ்சுக் கயிறு ஆறும் இருந்தது. வாழைப்பழம் இரண்டு கறுத்துவிட்டன. சோப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த முறைக்கு இரண்டு கட்டி வாங்க வேண்டும்.